மாவடிப்பள்ளியும் ஒரு தோள் வாரும்

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, மாளிகைக்காடு என்னும் ஊர்களைத் தாண்டி வருவோர், காரைதீவுச் சந்தியில் மேற்குப் புறமாகத் திரும்பினால் அம்பாறைக்குச் செல்லும் பெருந்தெருவில் ஏறுகின்றனர். சுவாமி விபுலாநந்தர் 1892ஆம் ஆண்டில் பிறந்த ஊர் இக்காரைதீவு. அதன் வீடுகளும் வேலிகளும் தென்னைகளும் பின்னால் ஒதுங்கியவுடனே இருமருங்கும் வயல்வெளி விரிகின்றது. வட்டை என்று இப்பகுதியார் சொல்லும் அவ்வெளியின் நடுவே தெரு மட்டும் ஒரு கோடு போலக் கிடக்கும். அந்தக் கோடு நீர்ப்பரப்பைப் பாலத்தினாற் கடந்து சென்று சேரும் முஸ்லிம் கிராமமே மாவடிப்பள்ளி. பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஒரு மாமரத்தடியும் ஒரு பள்ளியும் கிடைக்கின்றன. அதற்கப்பால் சம்மாந்துறை.

மாரியில் இவ்விடத்துக்கு ஒரு முகம். கோடையில் மற்றொரு முகம். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து வெள்ளம் வடியத் தொடங்கும் தை, மாசி மாதங்களில் இங்கு வந்து பார்த்தவர்கள் மறவார். கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதக்கும். நத்தை குத்தி நாரை சேற்றில் ஒற்றைக்காலில் நின்று யோசனை செய்யும். நீர்க்காகம் பட்டமரத்தில் இறகை விரித்து உலர்த்தும். தூர தேசங்களிலிருந்து வலசை வரும் பறவைகளும் இவற்றோடு வந்து கலந்துகொள்ளும். ஆற்றோரச் சேற்றில் முதலை வெயில் காய்வதும் உண்டு. காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் அந்நீரின் மேல் விழும் ஒளியை எழுத்தில் வடிக்க எம்மால் இயலாது. அதனால்தான் கமராவோடு வருகின்றார்கள். நாமும் இவ்வாண்டு அவ்வாறே சென்றோம். எம்முடன் கல்லூரி மாணவர் ஐவர் வந்தனர். ஐவருக்கும் கமரா இரண்டு.

இரண்டே கமரா என்று வாசகர்கள் நகைக்கலாகாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், ஓரிரு மாதங்களுக்குள் அமெரிக்க டொலர் ஒன்றின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்ததை நாம் எல்லோரும் அனுபவித்தோம். வெளிநாட்டிலிருந்து வரும் கமராவின் விலையும் அதனோடு ஏறியது. ஏறியது ஏறியபடியே நின்றுவிட்டது. இன்று ஒரு மாணவன் கையில் இருக்கும் பழைய கமரா விழுந்து உடைந்தால், அவன் வீட்டார் இன்னொன்று வாங்கிக் கொடுப்பது அருமை. கல்முனைப் பக்கத்தில் கல்யாண வீடுகளுக்குப் படம் பிடித்துப் பிழைக்கும் இளைஞருக்கோ அது தொழிலே போனதற்குச் சமம். இருந்தும், கமராவைப் பற்றி எம்மிடம் விசாரிக்கும் மாணவர் எல்லோரும் வில்லையைப் பற்றிக் கேட்கின்றார்கள். எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கின்றார்கள். அதைத் தோளிலே தாங்கும் வாரைப் பற்றிக் கேட்டவர் ஒருவரையும் நாம் கண்டதில்லை. பெட்டிக்குள் என்ன வந்ததோ அதையே மாட்டிக்கொள்கின்றனர். அந்த வாரில் உற்பத்தியாளரின் பெயர் ஒரு கல் தொலைவுக்குத் தெரியும்படி பொறிக்கப்பட்டிருக்கும். விலையுயர்ந்த பொருளொன்று இதோ தொங்குகின்றது என்று கள்வனுக்கு எழுதி வைத்த அறிவித்தல் போல அது இருக்கும்.

பழைய காலத்தில் இந்தக் கவலை இல்லை. யூலியா மார்கரெட் கமரன் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் படப்பிடிப்பாளர் 1875ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து குடியேறி 1879இல் இங்கேயே காலமானார். அவர் கையாண்டது கண்ணாடித் தகடு செருகும் பெருங்கமரா. அதனைத் தாங்கியில் நிறுத்தித்தான் படம் எடுக்க வேண்டும்; தோளில் மாட்டிக்கொண்டு நடப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒஸ்கார் பர்னாக் என்னும் ஜெர்மானியர் ஆக்கிய லைக்கா கமரா 1925இல் விற்பனைக்கு வந்த பின்னரே கமரா கைக்கடக்கமாகி மனிதனோடு நடக்கத் தொடங்கியது. அப்பொழுதுங்கூட அதன் உடலில் வார் மாட்டும் காது இல்லை. தோற் பெட்டியில் இட்டுப் பெட்டியின் வாரையே தோளில் மாட்டினார்கள். 1933இல் வந்த மூன்றாவது மாதிரியிலேதான் இருபுறமும் சிறு காதுகள் வைத்தனர். அந்த இரு காதுகளையும் நம்பித்தான் இன்றும் உலகம் கமராவைத் தொங்கவிட்டிருக்கின்றது.

இனிப் பாலத்துக்கு வருவோம். மாவடிப்பள்ளிப் பாலத்தில் நடப்பது கடற்கரையில் உலாவுவது போன்றதன்று. அம்பாறைக்கும் கல்முனைக்குமிடையே ஓடும் பஸ்களும், நெல் மூடைகள் ஏற்றிய லொறிகளும், உழவு இயந்திரங்களும் தோளை உரசுவது போலப் போகும். ஒவ்வொரு லொறியும் போகும்போது காற்று ஒரு தள்ளுத் தள்ளும். நாரையைப் பார்க்க வேண்டுமென்றால் கைப்பிடிச் சுவரின் மேல் சற்றுச் சாய வேண்டும். சுவருக்கு அப்பால் நீர். அந்நீரில் விழுந்ததை எடுக்க ஒருவரும் இறங்க மாட்டார். முதலையைப் பற்றி முன்னரே சொன்னோம்.

எம்முடன் வந்த மாணவரில் ஒருவர் கமராவை வலது தோளில் மட்டும், பெண்கள் கைப்பையை மாட்டுவதைப் போல மாட்டியிருந்தார். அவர் குனிந்தார். மனிதத் தோள் வெளிப்புறமாகச் சரிந்தது; வார் அந்தச் சரிவில் வழுகி இறங்கி முழங்கை மடிப்பிலே போய் நின்றது. கமரா சுவரின் வெளிப்புறத்தில் ஓர் ஊசல் ஆடிற்று. முழங்கை சற்றே நீட்டியிருந்தால் அவ்வளவுதான். பையன் நிறம் வெளுத்துப்போய் நின்றார். கமரா அவருடையதன்று, அவருடைய மூத்த சகோதரர் கட்டாரில் உழைத்து அனுப்பியது.

கமராவைத் தாங்குவதற்கு மூன்று வழிகள் உண்டு. கழுத்தில் மாலைபோற் போடலாம். கமராவும் வில்லையும் சேர்ந்து 1 கிலோவுக்கு மேற்படும்போது அரை மணி நேரத்திலேயே பிடரி நோகத் தொடங்கும். குனிந்தால் கமரா முன்னே ஆடிச் சுவரில் மோதும். ஒரு தோளில் மாட்டலாம். வழுகாதிருக்க அந்தத் தோளை அறியாமலே உயர்த்திக்கொண்டு நடப்போம். மாலையில் அந்தப் பக்கம் முழுதும் இறுகிவிடும். மூன்றாவது, பூணூல் போலக் குறுக்காக, இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குப் போடுவது. பாரம் தோளிலும் முதுகிலுமாகப் பரவும், குனிந்தாலும் வழுகாது, இரு கைகளும் வெறுங்கையாக இருக்கும், வலது கையைத் தொங்கவிட்டால் விரல்கள் கமராவின் மேலேயே விழும். பறித்தோடுவதும் எளிதன்று. நடந்து செல்லும் யாத்திரைக்கு இதனையே நாம் சிபாரிசு செய்வோம்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அது மாவடிப்பள்ளி போன்ற ஊருக்குள் நடக்கும்போதுதான் தெரியும். நெஞ்சின் மேல் கமரா நீட்டிக்கொண்டிருந்தால் எதிரே வருபவர் எல்லோரையும் குறி பார்ப்பது போலிருக்கின்றது. கிணற்றடியில் நிற்கும் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டு உள்ளே போகின்றார்கள். சுபஹ் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வரும் முதியவர் முகத்தைத் திருப்புகின்றார். அதே கமரா இடுப்புக்குப் பின்னே ஒதுங்கியிருந்தால், வந்திருப்பவன் ஒரு மனிதன் என்பது முதலில் தெரிகின்றது. கமராக்காரன் என்பது பின்னர் தெரிகின்றது. சலாம் சொல்பவருக்குக் கை கொடுக்கவும், கேட்டுவிட்டுப் படம் எடுக்கவும் வழியுண்டாகின்றது. குறுக்கு வாரின் வசதி எது என்று எம்மைக் கேட்டால் இதைத்தான் முதலிற் சொல்வோம்.

தெருவோரத் தேநீர்க் கடையில் நுழைந்தோம். கடைக்காரர் எம்மைப் பார்த்ததும், "வாங்க சேர், இரிங்க. ஆனையப் படம் புடிக்கவா, குருவியப் படம் புடிக்கவா?" என்றார்.

"குருவிதான் காக்கா" என்றோம்.

"அப்ப நல்லம். ஆன எண்டா ஓடுறதுக்கும் ஆயத்தமா வரணும்" என்று சொல்லிவிட்டு, கழுத்தில் கமராவோடு குனிந்து உட்கார்ந்த மாணவரைப் பார்த்து, "தம்பி, அதத் தேத்தண்ணிக்குள்ள விட்றாதீங்க" என்றார். கடையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். தேநீர் நன்றாகவே இருந்தது.

அவர் சொன்னது வேடிக்கையன்று. 1949ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீரால் வளம் பெற்ற வயல்கள் இப்பகுதியெங்கும் உள்ளன. பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்ததும் வைக்கோலையும் சிந்திய கதிரையும் நாடி யானைக் கூட்டங்கள் சம்மாந்துறை, மாவடிப்பள்ளி வட்டைகளுக்கு இறங்குவதுண்டு. செய்தி பரவியவுடன் மோட்டார் சைக்கிள்களில் இளைஞர் திரள்கின்றனர். யானைக்குக் கிட்டப் போகாதீர்கள் என்பதே எமது முதற் சொல். தொலைவிலே நின்றாலும், பின்வாங்க நேர்ந்தால் கமரா எங்கே இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நீளமான வாரில் முழங்கால் அளவுக்குத் தொங்கும் கமரா, ஓடும்போது காலிலே அடித்து ஆளை வீழ்த்தும். கமராவின் அடிப்புறம் இடுப்பெலும்பை ஒட்டி நிற்கும்படி நீளத்தை அளந்துகொள்வது நன்று. அதை வீட்டிலே, நின்றபடி, பயணத்தில் அணியும் உடுப்போடே அளக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் ஏறுவதற்கு முன் வாரின் தொங்கும் நுனியையும் கமராவையும் முன்புறமாக இழுத்து மடியில் வைத்துக்கொள்வது அவசியம். சேலைத் தலைப்புச் சில்லிற் சிக்கி விளையும் விபரீதங்களை அறியாதார் நம் நாட்டில் இல்லை. வாரும் அப்படியே சிக்கும்.

இனி, என்ன பொருளாற் செய்த வார்? கடைகளில் விரலால் அமுக்கினால் மெத்தைபோல் அமிழும் கடற்பஞ்சு வார்களைக் காட்டுவார்கள். கையிலே பாரம் குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் கமரா மேலும் கீழும் துள்ளும். எமக்கு அது பிடிப்பதில்லை. தோல் வார் பார்வைக்கு அழகு. உள்ளூர் வெயிலுக்கும் வியர்வைக்கும் அது விறைத்துப்போகும், மாரியிலோ அலமாரிக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். நைலோன் வலியது, எனினும் நீண்டகால வெயிலில் நலியும், நனைந்தால் சற்றே தளரும். பொலியெஸ்டர் இவ்விரண்டிலும் மேல். மோட்டார் வாகன இருக்கைப் பட்டிகளை அதனாலேயே நெய்கின்றார்கள். ஓரங்கள் கூர்மையாக இல்லாது, 4 சென்ரிமீற்றர் அளவு அகலமாக இருந்தால் 1 கிலோக் கமராவுக்குத் தாராளம்.

வாரின் உட்புறத்தில் றப்பர்ப் புள்ளிகள் வைத்துத் "வழுகாது" என்று விற்பார்கள். ஒரு தோளில் மாட்டுபவருக்கு அது நல்லது. குறுக்காகப் போடுபவருக்கோ தொல்லை. கமராவைக் கண்ணுக்கு உயர்த்தும்போது வார் சட்டையின் மேல் வழுகியோட வேண்டும். றப்பர் சட்டையையும் சேர்த்து இழுக்கும். ஆகையால் குறுக்கு வாரின் உட்புறம் வழவழப்பாக இருக்கட்டும்.

பருத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. கல்முனைக்கு வடக்கே மருதமுனை கைத்தறிக்குப் பெயர் போன ஊர். சாரமும் சேலையும் நெய்யும் அந்தத் தறிகளின் துணியில், தோளில் படும் பகுதிக்கு மட்டும் ஓர் உறை தைத்து, உள்ளே பொலியெஸ்டர்ப் பட்டியை ஓடவிட்டால், வியர்வையை உறிஞ்சும், கழற்றித் துவைக்கலாம், கமராவின் பெயர் விளம்பரமும் மறையும். எம் மாணவர் ஒருவர் வீட்டில் இருந்த மருதமுனைத் துணித் துண்டொன்றைக் கொண்டு ஊர்த் தையற்காரரிடம் இப்படித் தைப்பித்திருந்தார். பெட்டிக்குள் வந்த வாரை விட அது பல மடங்கு சுகமாக இருந்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை: பாரத்தைத் தாங்குவது உள்ளேயிருக்கும் பட்டியாகவே இருக்க வேண்டும். பருத்தி ஈரத்தில் நாளடைவில் உக்கிப்போகும் பொருள்.

சுகத்தைப் பார்த்தாயிற்று, பத்திரத்தைப் பார்ப்போம். வார் நடுவில் அறுந்து கமரா விழுந்தது என்று கேள்விப்படுவது அரிது. விழுவதெல்லாம் மூட்டிலேதான். கமராவின் காதில் சாவி வளையம் போன்ற இரட்டைச் சுற்று வளையம் ஒன்று உண்டு. அதன் வாய் சிறிது விரிந்திருந்தாலும் அசைவில் அசைவில் கழன்றுவிடும். நகத்தால் நெம்பிப் பார்த்து, இலகுவாக விரிந்தால் மாற்றிவிட வேண்டும். இரும்பு வளையம் காதின் உலோகத்தை அராவித் தேய்ப்பதும் உண்டு. அதனாலேயே சிறு தோல் அல்லது பிளாஸ்ரிக் வட்டம் ஒன்றை இடையே வைத்திருப்பார்கள். அதை அழகுக்கென்று நினைத்துக் கழற்றி எறிபவர்களைக் கண்டிருக்கின்றோம். அடுத்தது பக்கிள். பட்டியின் நுனியைப் பக்கிளுக்குள் ஒருமுறை நுழைத்ததோடு விட்டால், அது மெல்ல மெல்லப் பின்வாங்கும். நுனி மீண்டும் உள்ளே திரும்பி, இரு பட்டிகளுக்கு நடுவே சிறைப்பட வேண்டும். அதற்கப்பாலும் நாலு விரற்கடை எஞ்சியிருக்க வேண்டும். தையலைப் பார்ப்பவர்கள், ஒரு சதுரமும் அதற்குள் ஒரு பெருக்கற் குறியுமாகத் தைத்திருக்கின்றதா என்று பார்க்கலாம். நேர்கோட்டிலே ஒரு வரி மாத்திரம் ஓடியிருந்தால் எமக்கு நம்பிக்கை வருவதில்லை.

கமராவின் அடியிலே முக்காலி மாட்டும் துளையொன்று இருக்கின்றதல்லவா? அது 1/4 அங்குலத் திருகாணிக்கு உரியது. அங்குலத்துக்கு 20 புரிகள். அத்துளையில் கொளுக்கி ஒன்றைத் திருகி, கமராவைத் தலைகீழாகத் தொங்கவிடும் குறுக்கு வார்கள் இப்பொழுது பெருகியுள்ளன. கொளுக்கி வாரின் மேல் ஓடுவதால் கமரா கண்ணுக்கு விரைவாக எழும்பும். கல்யாணப் படக்காரர்கள் விரும்புவதும் இதனாலேயே. ஆயினும் முழுப் பாரமும் ஒரே திருகாணியில்! நடையின் அதிர்வில் அது சிறிது சிறிதாகத் திரும்பித் தளரும். சம்மாந்துறைக்கு ஓட்டோவில் குலுங்கிச் சென்றால் இன்னும் விரைவாகத் தளரும். இந்த வகையை வாங்குபவர்கள் திருகாணிக்கும் கமராவுக்கும் இடையில் றப்பர் வட்டம் இருக்கக் கண்டு, அரை மணிக்கு ஒருமுறை விரலால் முறுக்கிப் பார்க்க வேண்டும். அதோடு கமராவின் காதையும் வாரையும் இணைக்கும் மெல்லிய இரண்டாவது கயிறொன்றும் வேண்டும். திருகாணி கழன்றாலும் கயிறு தாங்கும். நீண்ட பாரமான தொலைவில்லை பூட்டியிருந்தால், கமராவில் அல்ல, வில்லையின் பாதத்திலேயே வாரை மாட்டுவது முறை. இல்லாவிட்டால் வில்லையின் பாரம் முழுதும் கமராவின் முகத்தை இழுத்துக்கொண்டிருக்கும். மாணவர்க்கு நாம் இத்தகைய வாரைச் சொல்வதில்லை. இரு காதுகளிலும் மாட்டும் எளிய குறுக்கு வாரே போதும்.

கடையில் வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். கமராவின் பாரத்தைப்போல் மூன்று மடங்கு பாரமுள்ள அரிசிப் பையை வாரிலே தொங்கவிட்டு, ஒருமுறை வெடுக்கென்று இழுக்க வேண்டும். படியிலிருந்து குதித்து இறங்கும் கணத்தில் வாருக்கு நேர்வது நிற்கும் பாரமன்று, இந்த வெடுக்குத்தான். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பார்க்கலாம்.

இவ்வளவு இறுக்கமாகக் கமராவைக் கட்டிவைத்த பின்னர், இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மாரியில் இத்தெருவின் மேலே வெள்ளம் குறுக்கறுத்து ஓடும். 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி, அரபுக் கல்லூரி மாணவர்களை வீட்டுக்கு ஏற்றிச் சென்ற உழவு இயந்திரமொன்று மாவடிப்பள்ளியில் அவ்வெள்ளத்தில் அள்ளுண்டது. அச்சிறுவரிற் பலர் உயிர் பிழைக்கவில்லை. பாலத்தில் நின்று நீரைப் பார்க்கும்போது அந்த நினைவு வராமலிருப்பதில்லை. தேநீர்க் கடையிலும் அன்று அந்தப் பேச்சு வந்தது. வந்ததும் சிரிப்பு நின்றது.

வெள்ளம் பாயும் நாளில் அதனைப் படம் பிடிக்கவென்று தெருவில் இறங்குவோர் இருக்கின்றார்கள். இறங்கவே கூடாது. ஆயினும் தோணியிலோ நீரோரத்திலோ கமராவோடு நிற்க நேரிடும் எவரும், மார்பின் குறுக்கே இறுகிய வார் நீருக்குள் என்ன செய்யும் என்று எண்ண வேண்டும். அது கிளையிலோ கம்பியிலோ சிக்கினால் ஆளை அங்கேயே கட்டிப்போடும். ஆகவே குறுக்கு வாரில், நெஞ்சுக்கு நேரே, ஒரு கையால் அழுத்தினால் விடுபடும் பக்கிள் இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால், பின்னர் வலது கையால், நனைந்த விரல்களால் அதைத் திறந்து பழக வேண்டும். எம் மாணவர் ஐவரையும் கடை வாங்கிலில் உட்காரவைத்து இதைச் செய்யச் சொன்னோம். இருவருடைய பக்கிள் திறக்க இரண்டு கையும் தேவைப்பட்டன. அந்த இரண்டையும் ஊர் திரும்பியதும் மாற்றினோம். பக்கிள் இல்லாத வார் வைத்திருப்பவர் நீரருகே செல்லும்போது குறுக்கே போடாது, ஒரு தோளில் மாட்டிக் கையாற் பற்றிக்கொள்வதே மேல். பாலத்தில் சொன்னதற்கு இது முரணாகத் தோன்றும். பாலத்தில் கமரா போகும். வெள்ளத்தில் ஆள் போகும். இரண்டுக்கும் ஒரே விதி பொருந்தாது.

8 மணிக்கு மேல் வெயில் ஏறி ஒளி வெளுத்துவிடும். பறவைகளும் தூரத்து நிழல்களுக்கு ஒதுங்கிவிடும். அதன் பின் சம்மாந்துறை பஸ்ஸில் ஏறுபவர்கள் ஏறலாம். காரைதீவுப் பக்கம் திரும்பிக் கண்ணகி அம்மன் கோயிலையும் கடற்கரையையும் பார்க்க விரும்புவோர் நடக்கலாம். கடற்கரைக்குப் போனால் மணலும் உப்புக்காற்றும் வாரில் ஏறும். வீட்டுக்கு வந்ததும் வாரைக் கமராவிலிருந்து கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, பக்கிளுக்குள் இருக்கும் மணலை உதறிவிட்டு, வெயிலிலன்றி நிழலிலே கொடியில் போட வேண்டும். வளையங்களை மட்டும் துணியால் துடைத்து உலரவிட்டால் போதும். எண்ணெய் பூச வேண்டாம், அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.